ஐம்பதுக்கு நாற்பத்தேழு

என் வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு குளம் தொங்குகிறது. முழங்கை நீளமுள்ள கனத்த காகிதத்தில் மரப்பலகை கொண்டு அச்சிட்ட ஜப்பான் குளம். கறுப்புத் தண்ணீர், அதன்மேல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் தாமரை இலைகள், நடுவே ஒரு மேடு, அந்த மேட்டில் கூரை வளைந்த சின்னக் கோயில், கரையில் கட்டிப் போட்ட ஒரு படகு. தூரத்தில் நகரத்துக் கட்டடங்களும் விளக்குக் கம்பங்களும் தெரியும். தண்ணீரை உற்றுப் பார்த்தால் பலகையின் ரேகை தெரியும். செய்தவர் அலையைத் தனியாகச் செதுக்காமல் மரத்தின் ரேகையையே அலையாக விட்டுவிட்டார். வலது மூலையில் சிவப்பாக ஒரு சதுர முத்திரை. இடது ஓரத்தில், படத்துக்குக் கீழே, பென்சிலில் 47/50 என்று எழுதியிருக்கும். அந்த நாலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அதன் நிமிர்ந்த கோடு சாம்பல் நிறம், மற்ற இரண்டு கோடும் ஊதா.

போன மாதம் மாடியில் குடியிருக்கும் பெண் கறிவேப்பிலை கேட்டு வந்தவள், கேட்க வந்ததை மறந்து இதன் முன்னால் நின்றுவிட்டாள். ஓவியக் கல்லூரியில் படிக்கிறவள். "ஆன்ட்டி, இது உங்க வீட்டுக்கு எப்படி வந்தது?" என்றாள். பெரிய கதை என்றேன். தன் வாத்தியாருக்கு அனுப்ப வேண்டும் என்று செல்போனில் நாலு பக்கமும் படம் பிடித்துக்கொண்டு போனாள். கறிவேப்பிலையை நான்தான் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நாற்பத்தேழில் முப்பது மார்க் எங்கள் ஹெட்கிளார்க் போட்டது என்று அவளிடம் சொல்லவில்லை. அது தெரிந்தவர்களில் இன்று மிச்சமிருப்பது அநேகமாக நான் ஒருத்திதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு நைலான் வலைக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். இன்றைக்கு அங்கே இருக்கிற தொழிற்பேட்டையெல்லாம் அப்போது இல்லை. வேலிகாத்தான் முட்புதரை வெட்டிச் சமப்படுத்திய மேட்டில் ஒரு பெரிய கொட்டகை, ஒரு ஆபீஸ், ஒரு வேப்பமரம். அவ்வளவுதான் கம்பெனி. பொன்னேரியிலிருந்து காலைப் பாசஞ்சரில் போய் இறங்கி, எளாவூர் செக்போஸ்டுக்குப் போகிற லாரிகளின் புழுதியைத் தின்றுகொண்டே நடந்து ஆபீசுக்குள் நுழைந்தால், எனக்கு முன்னால் ஹெட்கிளார்க் உட்கார்ந்திருப்பார். நெற்றியில் திருமண், ஆணியில் குடை, மேஜையில் கூராகச் சீவிய காப்பியிங் பென்சில். அந்தப் பென்சிலை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எழுதும்போது சாதாரணப் பென்சில்போலச் சாம்பலாகத்தான் இருக்கும். ஈரம் பட்டால் ஊதாவாகிவிடும், அப்புறம் எந்த ரப்பருக்கும் அழியாது. ரசீதில் யாரும் கைவைக்க முடியாதபடி எழுதுவதற்காகவே ஆபீசுகளில் வைத்திருந்தார்கள்.

அவருக்குச் சொந்த ஊர் திருவள்ளூர். அண்ணன் கோயிலில் கைங்கர்யம் செய்துகொண்டிருந்தார். இவர் பள்ளிக்கூடம் போய் உத்தியோகத்துக்கு வந்தவர். வாரநாளில் கும்மிடிப்பூண்டியில் ஓர் அறை எடுத்துத் தானே சமைத்துக்கொள்வார், சனிக்கிழமை பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து ஊருக்குப் போவார். தமிழிலும் இங்கிலீஷிலும் அவர் எழுதும் கடிதத்தில் ஒரு புள்ளியை நகர்த்த முடியாது. ஆனால் மனுஷர் எஸ்.எஸ்.எல்.சி. பெயில். கணக்கில் நூற்றுக்கு முப்பத்துநாலு. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ்.

வேறு யாராக இருந்தாலும் மறைத்திருப்பார்கள். இவர் புதிதாக வருகிற ஆளுக்குத் தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார். "ஒரு மார்க்மா. ஒரே ஒரு மார்க்" என்று எனக்கும் முதல் நாளே சொன்னார். கேள்வி ஒரு தொட்டியைப் பற்றியது. மேலே ஒரு குழாய் தண்ணீரை விடுகிறது, அடியில் ஓர் ஓட்டை வழியாகத் தண்ணீர் போகிறது, தொட்டி எப்போது நிறையும்? இவர் விடையைச் சரியாகப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே, ஓட்டையை முதலில் அடைத்துவிட்டு நிரப்புவது உத்தமம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரிதான் ஒரு மார்க்கைத் தின்றுவிட்டது என்பது அவர் கட்சி. "சொன்னதுல என்னம்மா தப்பு? தண்ணி வீணாப் போறதை எவனாவது பார்த்துண்டு நிப்பானோ?" என்று, முகம் தெரியாத அந்தப் பரீட்சகரோடு முப்பத்தைந்து வருஷமாக மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் வசதியில்லை, மறுபடி எழுதவில்லை.

அதனாலேயே எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் பேப்பரில் வருகிற அன்று எங்கள் ஆபீசில் வேலை நடக்காது. பாஸான நம்பர்கள் மட்டும்தான் அச்சாகியிருக்கும். இவர் அச்சாகாத நம்பர்களைப் படிப்பார். "இதுக்கும் இதுக்கும் நடுவுல நாலு நம்பரைக் காணோம் பாரு. இன்னிக்கு நாலு ஆத்துல அடுப்பு மூட்ட மாட்டா" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். எனக்கு அன்று இருபத்திரண்டு வயது, நான் முதல் தடவையிலேயே பாஸ் செய்தவள், அந்தத் திமிர் இருந்தது.

மெஷின்களைப் பொருத்தி ஓட்டிக் கொடுக்க ஜப்பானிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்து ஆறு மாதம் இருந்தார். ஜப்பான் சார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். யாரைப் பார்த்தாலும் இடுப்பு வரை குனிந்து வணங்குவார். மேனேஜருக்கு எவ்வளவு குனிவாரோ அதே அளவு வாட்ச்மேனுக்கும் குனிவார். சாப்பாட்டு வேளையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து உள்ளங்கை அகலப் பலகை ஒன்றைச் சின்ன உளியால் சுரண்டிக்கொண்டே இருப்பார். மெஷின்களைப் பழுது பார்க்கிற எங்கள் பிட்டர் பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பிள்ளை. "இன்னாக்கா இவரு, இம்மாம் பெரிய இஞ்சினீரு, துன்ற நேரத்துல கட்டையச் சொரண்டிக்கினு கீறாரு" என்று என்னிடம் வந்து கவலைப்பட்டான். அது அவருடைய பொழுதுபோக்கு என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

ஹெட்கிளார்க்கும் ஜப்பான் சாரும் எப்படிச் சிநேகிதமானார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். இருவருக்கும் பொதுவாக இருந்தது பத்து இருபது இங்கிலீஷ் வார்த்தையும் தயிர்சாதமும். ஜப்பான் சாருக்குக் கட்டைவிரலில் ஒரு மரு இருந்தது. அதைப் பார்த்ததும் ஹெட்கிளார்க்குக்குக் கை பரபரத்துவிட்டது. திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பில் உள்ள மரு, கட்டி எல்லாம் கரையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஓர் அமாவாசையன்று அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் படித்துறையில் நிறுத்தி, "மெல்ட்டிங் சார், சுகர் மெல்ட்டிங், திஸ் ஆல்சோ மெல்ட்டிங்" என்று கட்டைவிரலைக் காட்டி விளக்கியிருக்கிறார். ஜப்பான் சார் வெல்லத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அது கரைந்து முடியும்வரை குனிந்து வணங்கிய நிலையிலேயே நின்றாராம். அக்கம்பக்கத்தில் வெல்லம் போட வந்தவர்கள், இதுதான் முறையோ என்று தாங்களும் குனிந்துகொண்டார்களாம். அவர் ஜப்பானுக்குத் திரும்பும் முன் மரு உதிர்ந்துவிட்டது. ஹெட்கிளார்க் பெருமாள் என்றார். பிட்டர் மெஷின் ஆயில் என்றான்.

ஜப்பான் சார் போய்ச் சில மாதம் கழித்து ஜப்பானிலிருந்து தட்டையாக ஒரு பார்சல் ஹெட்கிளார்க் பெயருக்கு வந்தது. உள்ளே இந்தக் குளம். கூடவே நாலே வரியில் ஓர் இங்கிலீஷ் கடிதம். உங்கள் குளத்தை எனக்குக் காட்டினீர்கள், இது எங்கள் நகரத்தின் நடுவில் உள்ள குளம், நானே வரைந்து நானே செதுக்கி நானே அச்சிட்டேன், உங்கள் ஆபீசில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. மேனேஜர் முதற்கொண்டு எல்லோரும் என் டைப்ரைட்டர் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டோம்.

ஹெட்கிளார்க் முதலில் சிவப்பு முத்திரையைத்தான் பார்த்தார். "பாத்தியோ, குங்குமம் வெச்சு அனுப்பியிருக்கான்" என்று உருகிப்போனார். அப்புறம் குறை கண்டார். "கோயில் இருக்கு, குளம் இருக்கு, படித்துறையைக் காணோமே. எங்கே எறங்கிக் கால் அலம்புவா?" பிட்டருக்கு வேறு குறை. "தண்ணி கீது, படகு கீது, வல போட ஒரு ஆளு இல்லியே சார்" என்றான். இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மேனேஜர் கீழே குனிந்து, பென்சிலில் இருந்ததைப் படித்தார். பதினேழு, சாய்ந்த ஒரு கோடு, ஐம்பது.

"ஐம்பதுக்குப் பதினேழு. ஏதோ டிராயிங் கிளாஸ்ல வரைஞ்சிருக்கார், வாத்தியார் மார்க் போட்டிருக்கார். பெயில்" என்றார் மேனேஜர்.

எங்களில் யாருக்கும் அது வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு தாளின் ஓரத்தில் அப்படி எழுதியிருந்தால் அது மார்க் என்றுதான் பார்த்திருக்கிறோம். ஹெட்கிளார்க்கின் உதடு மட்டும் அசைந்தது. "நூத்துக்கு முப்பத்துநாலு" என்றார் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் மட்டும், மெட்ராசிலிருந்து டைரக்டர்கள் வந்துபோகிற இடத்தில் பெயிலான படத்தை மாட்ட முடியாது, ஸ்டோரில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அன்று மாலை மெட்ராசுக்குக் கிளம்பிப் போனார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஹெட்கிளார்க் ஆபீஸ் கதவைச் சாத்தினார். படத்தை மேஜைமேல் விரித்து, நாலு மூலையிலும் பஞ்சிங் மெஷின், கோந்து புட்டி என்று கனம் வைத்தார். "பதினேழரை வந்தா பாஸ். அரை மார்க்மா. எல்லாத்தையும் தானே பண்ணியிருக்கான் அந்தப் பிள்ளை, ஒரு அரை மார்க் போட மனசு வரலை அவனுக்கு" என்றார். எவனுக்கு என்று நான் கேட்கவில்லை. தொட்டிக் கணக்கைத் திருத்தியவன்தான் ஜப்பானுக்கும் போயிருக்கிறான் என்பதுபோல இருந்தது அவர் முகம்.

"ஏழை எட்டாக்கினா போதுமே சார்" என்றேன், விளையாட்டாக.

"பதினெட்டு எடுத்தவனை எவன் மதிக்கறான்? கொடுக்கறதை நன்னாவே கொடுப்போம்" என்று சொல்லிவிட்டு, காப்பியிங் பென்சிலை எடுத்து, ஒன்றுக்கு இடப்பக்கம் சாய்வாக ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் போட்டார். ஒன்று நாலாகிவிட்டது. அதோடு விட்டிருந்தால் சரி. முறைப்படி நடக்க வேண்டும் என்று எனக்கு டிக்டேஷன் கொடுத்தார். ஜப்பானிலிருந்து பெறப்பட்ட ஓவியம் மறுமதிப்பீடு செய்யப்பட்டது, மதிப்பெண் பதினேழிலிருந்து நாற்பத்தேழாகத் திருத்தப்பட்டது, கோப்பில் சேர்க்கவும். முதல் பரீட்சகர் என்று அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் பரீட்சகர் என்று என்னைப் போடச் சொன்னார். ஒருத்தர் திருத்தினால் பட்சபாதம் வந்துவிடுமாம்.

மேனேஜர் திரும்பி வந்தபோது படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரவேற்பறையில் தொங்கியது. உற்றுப் பார்த்து, "நாற்பத்தேழா?" என்றார். "மறுமதிப்பீட்டில் வந்தது சார். பேப்பர் ஃபைல்ல இருக்கு" என்றார் ஹெட்கிளார்க். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஜப்பானிலிருந்தே தாள் வந்துவிட்டது என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார். ஃபைலைத் திறந்து படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அதற்கப்புறம் ஆபீசுக்கு வருகிற ஒவ்வொருவரும் படத்தைப் பார்த்துவிட்டு, மூன்று மார்க் எதற்குக் குறைத்தான் என்று கேட்பதும், படித்துறை இல்லாததற்கு என்று ஹெட்கிளார்க் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது கொட்டகை கட்டி, புதிய மெஷின்கள் வந்து இறங்கின. அவற்றைப் பொருத்த ஜப்பான் சாரே மறுபடி வருகிறார் என்று தந்தி வந்தது. ஹெட்கிளார்க் புது வேட்டி எடுத்தார். ஜப்பான் சார் வருவதற்கு முதல் நாள் மெட்ராசிலிருந்து மெஷின் ஏஜெண்ட் வந்தார். ஜப்பானில் சில வருஷம் இருந்தவர், அந்த பாஷை பேசுவார். வரவேற்பறையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை ரசித்தவர், "அவர் கைவேலையா? அங்கே இதை ஒரு கலையாவே பண்றாங்க. மொத்தம் ஐம்பது காப்பி எடுத்திருக்கார், அதுல இது நாற்பத்தேழாவது" என்றார்.

மேனேஜர் என்ன என்றார். ஏஜெண்ட் விளக்கினார். எத்தனை காப்பி என்று முதலிலேயே முடிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வரிசை எண் எழுதுவார்கள். எந்த எண் யாருக்குப் போனது என்று செய்தவருக்குத் தெரியும். எடுத்து முடித்ததும் பலகையை வெட்டிப் பாழாக்கிவிடுவார்கள், அப்புறம் ஐம்பத்தொன்று என்று ஒன்று கிடையாது. எண்தான் படத்துக்கு ஜாதகம் மாதிரி என்றார்.

நான் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேனேஜருக்கு விஷயம் புரிய அதிக நேரம் பிடிக்கவில்லை. ஏஜெண்டைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு ஹெட்கிளார்க்கிடம் வந்தார். "மார்க் போட உங்களை யார் கேட்டா? இந்த மெஷினுக்கு அவர் கையெழுத்து வேணும். நாளைக்கு அவர் முகம் சுளிச்சு ஒரு வார்த்தை சொன்னாலும் நீங்க இந்த நாற்காலியில இருக்க முடியாது. படத்தை எடுத்து ஒளிச்சு வைங்க. கீழே விழுந்து உடைஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார். ஹெட்கிளார்க்குக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. எஸ்.எஸ்.எல்.சி. பெயிலான ஐம்பத்துமூன்று வயசுக்காரருக்கு வேறு நாற்காலி எங்கும் காத்துக்கொண்டிருக்கவில்லை. கல்யாணத்துக்கு ஒரு பெண் வேறு இருந்தாள்.

மேனேஜர் போனதும் ஹெட்கிளார்க் படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, ரப்பரால் தேய்த்தார். காகிதத்தில் பஞ்சு எழும்பியதே தவிரக் கோடு போகவில்லை. எந்தப் பென்சிலால் போட்டோம் என்பதையே பதற்றத்தில் மறந்துவிட்டாரோ என்னவோ, விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தார். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்த கோடும் குறுக்குக் கோடும் ஊதாவாகப் பூத்தன. முப்பது மார்க்கும் தனியாக எழுந்து நின்று நாங்கள்தான் என்று சொல்வதுபோல இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது, அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அவர் அழுதுகொண்டிருந்தார்.

"அவன் என்னை நம்பி அவன் குளத்தை அனுப்பினான். நான் அதோட ஜாதகத்தையே மாத்திட்டேனேம்மா" என்றார். நாற்காலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை படத்தை நைலான் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுத்தான் போனோம். மறுநாள் நான் பாசஞ்சரில் இறங்கி வந்து பார்த்தால், படம் வரவேற்பறையில் பழைய ஆணியிலேயே தொங்குகிறது. பக்கத்தில் புது வேட்டி கட்டிக்கொண்டு, அந்த ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு ஹெட்கிளார்க் நிற்கிறார். "இன்னா சார், மேனேஜரு கத்தப் போறாரு" என்றான் பிட்டர். "கத்தட்டும்டா. உடைஞ்சுபோச்சுன்னு சொன்னா அவன் அதுக்கும் வருத்தப்படுவான். அது எனக்கு முடியாது" என்றார்.

ஜப்பான் சார் வந்தார். வாட்ச்மேனிலிருந்து தொடங்கி எல்லோருக்கும் குனிந்தார். ஹெட்கிளார்க்கிடம் வந்ததும் கட்டைவிரலை நீட்டிக் காட்டினார், மரு திரும்ப வரவில்லை. பிறகு படத்தைப் பார்த்தார். நெருங்கிப் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த ஊதா நாலை வெகுநேரம் பார்த்தார். மேனேஜர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட்கிளார்க் ஃபைலைத் திறந்து நீட்டினார். "சார், திஸ் ஐ டிட்" என்று ஆரம்பித்து, இங்கிலீஷ் கைவிட்டுவிட, ஏஜெண்டைப் பார்த்துத் தமிழிலேயே சொல்ல ஆரம்பித்தார். மார்க் என்று நினைத்ததையும், பெயில் என்று ஸ்டோரில் போடச் சொன்னதையும், அரை மார்க் கதையையும், தன் தொட்டிக் கணக்கையும், முப்பது போட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில், "நானும் முப்பத்துநாலு சார். அதான் தாங்கலை" என்றார். ஏஜெண்ட் ஒவ்வொன்றாக ஜப்பான் பாஷையில் சொல்லிக்கொண்டே வந்தார். தொட்டிக் கணக்கு வந்தபோது ஏஜெண்டுக்கே சிரிப்பு வந்தது. ஜப்பான் சார் சிரிக்கவில்லை. ஃபைலில் இருந்த தாளையும் இரண்டு பரீட்சகர் கையெழுத்தையும் பார்த்தார். என்னைப் பார்த்து இரண்டாம் பரீட்சகருக்கும் குனிந்தார். பிறகு ஏஜெண்டிடம் என்னமோ சொன்னார்.

"உங்களுக்கு ஒரு கணக்குக் கொடுக்கப் போறாராம்" என்றார் ஏஜெண்ட், நம்ப முடியாத குரலில். "மெஷின் ஒரு அடிக்கு இருநூத்தி நாற்பது முடிச்சுப் போடும். நிமிஷத்துக்குப் பதினெட்டு அடி. ஒரு மணி நேரத்துல எத்தனை முடிச்சு?"

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹெட்கிளார்க் என் மேஜையில் உட்கார்ந்தார். என் கார்பன் தாளின் பின்பக்கத்தில் போட்டார். பரீட்சை ஹாலில்கூட அவ்வளவு அமைதி இருந்திருக்காது. விடையை எழுதிவிட்டு எழுந்தார். இரண்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்து அறுநூறு.

ஏஜெண்ட் தன் நோட்டில் போட்டுப் பார்த்திருந்தார். "தப்பு. இரண்டு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து இருநூறு வரணும்" என்றார். ஹெட்கிளார்க்கின் முகம் செத்துப்போயிற்று. முப்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் ஒரு மனுஷர் அதே கணக்கில் மறுபடி பெயிலாவதைப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

வாசலில் நின்ற பிட்டர்தான் வாயைத் திறந்தான். "இன்னா சார் தப்பு? மணிக்கு ஒரு தபா நூலு மாத்த வாணாமா? மெசினு அஞ்சு நிமிசம் நிக்கும்ல? அத்தக் கழிச்சிட்டுத்தான் சாரு போட்டுக்கினு கீறாரு."

"அஞ்சு நிமிஷம் நிக்கறது நிக்கறதுதானே. நிக்காதுன்னு எப்படி எழுதறது?" என்றார் ஹெட்கிளார்க், தாளையே பார்த்தபடி. பரீட்சகரோடு போட்ட பழைய சண்டைதான். ஆனால் இந்தத் தடவை பரீட்சகர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஏஜெண்ட் சொல்லி முடித்ததும் ஜப்பான் சார் முதல்முறையாகச் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். மறுமதிப்பீட்டுத் தாளை மேஜையில் வைத்து, எங்கள் இரண்டு கையெழுத்துக்கும் கீழே 34 என்று எழுதி அதை அடித்துவிட்டு, 35/100 என்று எழுதினார். பையிலிருந்து சின்ன முத்திரைக் கட்டை ஒன்றை எடுத்துச் சிவப்பு மையில் தொட்டுப் பக்கத்தில் பதித்தார். படத்தில் இருந்த அதே முத்திரை. ஒரு கணக்கு, ஒரு மார்க். எங்கள் ஹெட்கிளார்க்போல வாரி வழங்குகிற ஆளில்லை அவர்.

படத்தில் இருந்த நாற்பத்தேழை என்ன செய்வது என்று மேனேஜர் ஏஜெண்ட் மூலமாகக் கேட்டார். உண்மையான நாற்பத்தேழு ஜப்பான் சாரின் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கிறதாம். அவர் அதை நன்றாக இல்லை என்று சொன்னவராம். அதனால் இதுவே நாற்பத்தேழாக இருக்கட்டும் என்றார்.

ஹெட்கிளார்க் அன்று ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். யாராவது எதற்கு என்று கேட்டால், "பாஸாயிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் புதிய ஆட்களிடம் அந்த ஒரு மார்க் கதையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ரிசல்ட் நாளில் மட்டும் அச்சாகாத நம்பர்களைப் படிப்பதை நிறுத்தவில்லை. சில வருஷம் கழித்து அவர் ஓய்வுபெற்ற அன்று, நோட்டீஸ் போர்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி. (ஜப்பான்) என்று பிட்டர் சாக்பீசால் எழுதி வைத்தான். போகும்போது அதைப் பார்த்துவிட்டு, அழிக்காமல் போனார். மறுமதிப்பீட்டுத் தாளை மேனேஜரிடம் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு, படத்தை என்னிடம் கொடுத்தார். விடைத்தாள் இரண்டாம் பரீட்சகரிடம் இருப்பதுதான் முறையாம்.

நேற்று மாடிப்பெண் வந்தாள். முகம் வாடியிருந்தது. வாத்தியாரிடமிருந்து பதில் வந்துவிட்டதாம். "ரொம்ப அருமையான வேலைன்னு சொல்றார் ஆன்ட்டி. ஆனா யாரோ நம்பரைத் திருத்தியிருக்காங்களாம். நம்பரைத் தொட்டுட்டா மதிப்பே போயிடுமாம். முழு மதிப்புல நூத்துக்கு முப்பது, முப்பத்தஞ்சுதான் தேறும்ங்கறார்" என்றாள்.

"முப்பதா, முப்பத்தஞ்சா? சரியாக் கேட்டுச் சொல்லு" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இருந்தாலும் நல்ல பெண், என் எதிரிலேயே வாத்தியாருக்கு போன் போட்டுக் கேட்டாள். முப்பத்தைந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

"போதும். பாஸ்" என்றேன். காற்றில் கொஞ்சம் சாய்ந்திருந்த சட்டத்தை நேராக்கி வைத்துவிட்டு, அவளை உட்காரச் சொல்லிக் காபி போடப் போனேன்.